இடது தோளில் ஏழு மில்லி

எங்கள் பட்டறையில் என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மில்லிமீட்டர். முதலில் முதுகுக்குப் பின்னால் மட்டும் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர்கூட, "மில்லிமீட்டர் அப்பவே உள்ள போயிட்டாரு, நீங்கதான் லேட்டு" என்று என்னிடமே சொல்லுவார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வீட்டில் நான் அவருக்கு அதைவிட மோசமான பெயர்களெல்லாம் வைத்திருக்கிறேன்.

அவருடைய வேலை, கட்டி முடித்த காரைச் சுற்றிச் சுற்றி வந்து குறை கண்டுபிடிப்பது. கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் சந்து மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவே இருக்க வேண்டும். பானட்டை மூடினால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். சட்டைப் பையில் ஒரு இரும்பு ஸ்கேல், பேன்ட் பையில் சந்து அளக்கிற மெல்லிய தகடுக் கொத்து. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அவர் கையெழுத்து விழாமல் ஒரு வண்டியும் கேட்டைத் தாண்டாது.

இது வேலையோடு நின்றால் பரவாயில்லை. வீட்டில் ஜன்னல் திரை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் மனிதருக்கு டீ இறங்காது. சாப்பாட்டு மேசை ஆடுகிறது என்று ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறார். சரி, எல்லார் வீட்டிலும் வைப்பதுதான். ஆனால் இவர் மாதம் ஒருமுறை அதை மாற்றுவார், அட்டை அமுங்கிவிடுகிறதாம். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன புதிதில் நாங்கள் பார்க்க வருகிறோம் என்றதும், போனில் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அம்மா, அப்பாவோட அந்த ஸ்கேலை மட்டும் அங்கேயே வெச்சுட்டு வாங்க. இங்க மாமியார் வேற இருக்காங்க." சொன்னபடியே ஸ்கேலை வைத்துவிட்டுத்தான் வந்தார். டேப்பை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

அவர் பிறந்ததிலிருந்தே இப்படி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கிடையாது. நான் பழகிய நாளில் அவர் பாட்டுப் பாடிக்கொண்டு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிற ஆள். இப்படி மாறியது ஒரே ஒரு மட்கார்டினால்.

அப்போது அவர் சாலையோரத்து டிங்கர் கடை ஒன்றில் தகடு தட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்துத் தெருவில் ஸ்கூல் பை தைக்கிற இடத்தில் இருந்தேன். கல்யாணத்துக்குச் சரியாக முப்பத்து மூன்று நாள் இருந்தது. ஆறு மணிக் காட்சிக்குப் போகலாம் என்று பேச்சு. நான் பஸ் நிறுத்தத்தில் நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். ஆறு இருபதுக்கு வந்தார், தலைமுடியெல்லாம் அலுமினியத் தூள். ஒரு பிடி பிடித்தேன். அதற்கு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஒரு மட்கார்டு. நசுங்கிப்போனதைக் கொண்டாந்து குடுத்து, இதே மாதிரி புதுசா ஒண்ணு செஞ்சு குடுன்னு கேட்டாங்க. வண்டியைக்கூட காட்டல. எப்படியோ முடிச்சிட்டேன். ஆனா அளந்து பார்க்காம வந்துட்டேன். காலையில பார்த்துக்கலாம், வா."

காலையில் அவர் போனபோது மட்கார்டு இல்லை. அதைக் கொண்டுவந்த மெக்கானிக் பொழுது விடிந்ததும் வந்து, ஒரு டாக்ஸி டிக்கியில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வைத்துக் கட்டி எடுத்துப் போய்விட்டாராம். எந்த வண்டி, யாருடையது, எந்த ஊர் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. நசுங்கிய பழைய தகடும் பழைய இரும்புக்குப் போய்விட்டது. தன் கையிலிருந்து அளக்காமல் போன பொருள் அது ஒன்றுதான் என்று சொல்லுவார். முள் மாதிரி தொண்டையில் மாட்டிக்கொண்டது. மட்கார்டின் நீளத்தை வைத்து நீளமூக்கு வண்டி என்று மட்டும் ஊகித்திருந்தார். தெருவில் அப்படிப் பழைய கார் ஒன்று போனால் போதும், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். பிரசவ வலியோடு நான் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோதும் அப்படி ஒன்று போயிற்று. அப்போதும் திரும்பிப் பார்த்தார். அதை நான் இந்த ஜென்மத்தில் மறக்கப்போவதில்லை.

இனி பட்டறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் முதலாளி ஒரு பல் டாக்டர். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு கொட்டகையில் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்த்திருக்கிறார். இரண்டே இருக்கை, கூரை கிடையாது, நீண்ட மூக்கு. அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போய்விட்டது. மனிதர் தலைகால் புரியாமல் மயங்கிவிட்டார். வண்டியை வாங்கினார், கொஞ்ச வருஷத்தில் பல்லை விட்டார், பட்டறையைத் திறந்தார். அந்த வண்டிக்கு மறுபடியும் உயிர் கொடுப்பதுதான் எங்கள் தொழில். வெளி உடம்பு அச்சு அசலாகப் பழையபடி, கையால் தட்டிய அலுமினியம். உள்ளே புது என்ஜின், புது பிரேக், மழை பெய்தால் அணைந்துபோகாத விளக்கு. முதல் தடவையாக ஐந்து வண்டிகள் செய்தோம், ஐந்தும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்டவை. இரண்டு வருஷ வேலை.

டாக்டருடைய பழைய வண்டி பட்டறை நடுவில், உயரமான பலகைமேல், துணி போர்த்தி நிற்கும். அதை நாங்கள் மூலவர் என்போம். ஊரைச் சுற்றப்போகிற புது வண்டிகள் உற்சவர். மூலவரை யாரும் தொடக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. டாக்டர் மட்டும் தினமும் காலையில் வந்ததும் துணியை விலக்கி ஒரு தடவு தடவிவிட்டுப் போவார்.

நான் அங்கே இருக்கை தைக்கிறேன். தோல் வெட்டுவது, பஞ்சு அடைப்பது, பைப்பிங் போடுவது எல்லாம் என் கை. மட்கார்டு உடம்போடு சேருகிற இடத்திலும் ஒரு பைப்பிங் வரும், தலையணை ஓரத்தில் வருமே, அதே மாதிரி. தகடும் தகடும் உரசாமல் இருக்க. அதுவும் நான்தான்.

மூலவரை லேசரால் அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றியது ஒரு இன்ஜினியர் பெண். அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்: முன்பக்கத்து இடது மட்கார்டின் தோள், அதாவது மேலே புடைத்த இடம், வலது தோளைவிட ஏழு மில்லி உயரம். என்ன செய்வது என்று கேட்டபோது டாக்டருக்கு முகமெல்லாம் பல். "நல்லா யோசிச்சுப் பாருங்க. டிரைவர் உட்கார்றது வலது பக்கம். எட்டாத மூலை எது? இடது மூலை. அது கண்ணுல படணும்னு அந்தக் காலத்து மனுஷன் தூக்கி வெச்சிருக்கான். என்ன மூளை!" என்றார். வண்டிகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிற ஒருவர் வந்தார். அவர் இன்னும் ஒரு படி மேலே போய், அது வண்டி நம்மைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்துகிறது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டார். அப்புறம் கேட்கவா வேண்டும், வாங்குகிறவர்கள் எல்லாரும் அந்தத் தோளைப் பற்றியே விசாரித்தார்கள். மர அச்சு ஏழு மில்லி உயரமாகவே செய்யப்பட்டது. எங்கள் டிங்கர், சுத்தி என்று கூப்பிடுவோம், அச்சில் வைத்து ஐந்து இடது மட்கார்டும் தட்டினான். என் வீட்டுக்காரர் ஐந்தையும் அளந்து சரி என்றார். மூலவரில் என்ன இருக்கிறதோ அதுதான் சரி, இதுதான் அவருடைய சட்டம். இங்கிலாந்தில் செய்த மூலவரை அவர் சந்தேகித்ததே இல்லை.

வண்டிகள் கப்பலுக்குப் போகிற வாரம். வெள்ளிக்கிழமை ஐந்து சான்றிதழிலும் அவர் கையெழுத்துப் போட வேண்டும். 'இந்த வண்டியின் வடிவம், மூல வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் இருந்தபடியே உள்ளது' என்று அதில் இருக்கும். அந்த வாரம் திங்கட்கிழமை, மூலவரையும் ஐந்து பிள்ளைகளையும் நிற்கவைத்துப் படம் எடுக்க ஆசைப்பட்டார் டாக்டர். மூலவரின் இடது மட்கார்டு பைப்பிங் மட்டும் இற்று உதிர்ந்து அசிங்கமாக இருந்தது. மனசே இல்லாமல், "ஒரே ஒரு தடவை கழட்டி, உடனே மாட்டிடணும்" என்று என்னிடம் அனுமதி கொடுத்தார்.

சுத்தி எண்ணெய் விட்டு விட்டு போல்ட்டுகளைக் கழற்றினான். மட்கார்டைக் கொண்டுவந்து என் மேசைமேல், கம்பளத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். உட்பக்கம் முழுக்கச் சேறும் கிரீஸும் காய்ந்து கெட்டியாகக் கிடந்தது. ஓரம் எங்கே முடிகிறது என்று பார்க்க மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். ஆணியால் கீறிய எழுத்துகள் தெரிந்தன. இன்னும் துடைத்தேன்.

என் பெயர்.

அதன் கீழே ஒரு தேதி. அந்த சினிமாவுக்குப் போன தேதி. கையெழுத்து யாருடையது என்று வேறு யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை, முப்பத்தோரு வருஷமாகக் கடைச் சீட்டில் பார்க்கிற கையெழுத்து.

முதலில் எனக்கு வந்தது கோபம். ஒரு கடிதம் எழுதாத மனிதர். நான் பிரசவத்துக்குப் போய் மூன்று மாதம் அம்மா வீட்டில் இருந்தபோதுகூட, 'இங்கு நலம், குழாய் மாற்றியாகிவிட்டது' என்று ஒரே ஒரு கார்டு போட்டவர். இவர் என் பெயரை எழுதியிருக்கிறார், அதுவும் யாரும் பார்க்க முடியாத இடத்தில், எவருடையதோ ஒரு வண்டிக்கு அடியில். கோபம் கொஞ்ச நேரத்தில் வேறு என்னவோவாக மாறியது. எனக்கு வெட்கமாக இருந்தது, ஐம்பத்து மூன்று வயதில்.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. இங்கிலாந்து மூளையும் இல்லை, புருவமும் இல்லை. ஏழு மில்லி என் வீட்டுக்காரருடையது. அவர் அளக்காமல் விட்ட அந்த ஒன்றை அச்சாக வைத்து ஐந்து வண்டி செய்து, ஐந்தையும் அவரே சரி என்று சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை கையெழுத்து வேறு போடப்போகிறார்.

மூடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். புது பைப்பிங்கை வைத்து சுத்தியை விட்டு முடுக்கச் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? பாதி பைப்பிங்கைத் தைத்தும்விட்டேன். ஆனால் அவர் ஆஸ்பத்திரி வாசலில்கூடத் திரும்பிப் பார்த்துத் தேடிய பொருள் என் மேசைமேல் கிடக்கிறது. அதை அவரிடமிருந்து நானே ஒளித்து வைப்பதா? கை வரவில்லை. சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் போனபிறகு அவரைக் கூப்பிட்டேன்.

"என்ன, தையல் கோணலா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"நீங்களே பாருங்க."

பார்த்தார். எழுத்தைப் பார்த்ததும் கை தானாகப் போய்த் தகட்டைத் தொட்டது. என் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து எத்தனையோ வருஷம்.

"கிடைச்சிடுச்சு," என்றார். "இங்கயா இருந்துச்சு இவ்வளவு நாளும்? இங்கயேவா?"

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து எண்ணுவதற்குள் முகத்திலிருந்த மலர்ச்சி அப்படியே வடிந்தது. சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். அளக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏழு," என்றார்.

அன்று சாயங்காலம் மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். டீ ஆறிக்கொண்டிருந்தது. திரை கோணலாக இருந்தது, அவர் கவனிக்கவே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

"வெள்ளிக்கிழமை என்னால கையெழுத்துப் போட முடியாது," என்றார்.

"போடலைன்னா வண்டி போகாது. டாக்டர் அஞ்சு பேர்கிட்டயும் அந்தத் தோளைப் பத்திப் பெருமையா சொல்லி வெச்சிருக்காரு. அவர் முகத்தை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவாரு? நம்ம ரெண்டு பேரு வேலையும் ஒரே கூரைக்குக் கீழதான் இருக்கு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"மூடிடட்டுமா? இன்னும் மாட்டலை. என்னையும் உங்களையும் தவிர ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"ஏழு மில்லியில யாருங்க சாகப்போறாங்க!" எனக்குக் குரல் ஏறிவிட்டது.

அவர் கத்தவில்லை. "ஒரு மில்லிக்காக சுத்தியோட கதவை மூணு தடவை திருப்பி அனுப்பினேன். மூணாவது தடவை அவன் கண்ணுல தண்ணி. நான் விடலை. இப்ப என்னோட ஏழை மட்டும் விட்டா, இத்தனை நாளா நான் பார்த்தது வேலையா, வெறும் வீம்பா?" என்றார்.

எனக்கும் ஒரு ஆளுமேல் மரியாதை வந்துவிட்டால் வாய் அடைத்துப்போகும், எப்போதாவதுதான் நடக்கும். எழுந்து போய்த் திரையை நேராக்கினேன்.

டாக்டரின் அறையில் வந்தவர்கள் உட்காருவதற்கு நாற்காலி கிடையாது, அவருடைய பழைய பல் நாற்காலிதான் இருக்கிறது. தலைக்கு மேலே அந்த வட்ட விளக்கோடு. செவ்வாய்க்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் அதில் ஏறி, சாய்வதா நிமிர்வதா என்று தெரியாமல் பாதியில் உட்கார்ந்துகொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். நான் மட்கார்டைக் கம்பளத்தோடு தூக்கிக்கொண்டு போயிருந்தேன். சாட்சி.

டாக்டர் எழுத்தை வாசித்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ இது... டிரைவருக்குத் தெரியணும்னு இல்லையா?"

"இல்லைங்க."

"பின்ன எதுக்கு ஏழு மில்லி உயரம்?"

"சினிமாவுக்கு நேரமாயிடுச்சு, டாக்டர்."

டாக்டர் என் பக்கம் திரும்பி, "படமாவது நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"முதல் அரை மணி நேரம் பார்க்கலைங்க. அதனால கதையே புரியலை," என்றேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பதினஞ்சு வருஷமா தினமும் அந்தத் தோளைத் தடவிட்டுத்தான் நாளையே ஆரம்பிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தோம். ஒரு பக்கம் மட்கார்டு இல்லாமல் எலும்பும் கம்பியுமாக நிற்கிற மூலவர் முன்னால் போய் நின்றார், அரை மணி நேரம். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. ஆசைப்பட்டவரிடம் போய் இது அசல் இல்லை என்று சொல்வது லேசான காரியமா? திரும்பி வந்தபோது குரல் மட்டும் கரகரவென்று இருந்தது.

"அஞ்சு பேருக்கும் உள்ளதை உள்ளபடி எழுதறேன். நேரா வேணும்னு சொன்னா நேரா செஞ்சு குடுக்கணும். பதில் வர்ற வரைக்கும் நீங்க எதையும் பார்க்க வேண்டாம், மில்லிமீட்டர். சும்மா இருங்க."

வேலையை விட்டு அனுப்பியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். சும்மா இரு என்றால் எப்படி இருப்பார்? வெள்ளிக்கிழமை வந்தது, போனது, கப்பல் தள்ளிப்போனது. அவர் பட்டறை ஓரத்தில் ஒரு பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே வேண்டுமென்றே ஒரு ஏணியைச் சாய்வாக வைத்துவிட்டுப் போனான் சுத்தி. போகிற வழியில் ஒரு நிமிஷம் நின்றான்.

"அண்ணே, என் கதவு ஒரு மில்லி. உங்க மட்கார்டு ஏழு. இனிமே ஏழு கதவு நீங்க கண்ணை மூடிக்கிட்டு விடணும், கணக்கு சரியா?"

"விடமாட்டேன்," என்றார் இவர்.

"தெரியும்ணே," என்று சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். இருவரும் ஒரே பொட்டலத்திலிருந்து பிஸ்கட் தின்றார்கள். கதவு விஷயத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பதில்கள் ஒன்றொன்றாக வந்தன. கடைசிப் பதிலும் வந்ததும் டாக்டர் எங்கள் எல்லாரையும் நிற்கவைத்து வாசித்தார். நாலு பேர் தோள் அப்படியே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள். தொழிற்சாலை வைத்ததோ டிங்கர் வைத்ததோ, தான் ஆசைப்பட்டது அந்தத் தோளுக்குத்தான் என்று அவர்களில் ஒருவர் எழுதியிருந்தார். ஐந்தாமவர் மட்டும், மரியாதையாக, நேராகவே வேண்டும் என்றார். நாலில் ஒரு அம்மாள் கூடுதலாக ஒன்று கேட்டிருந்தார்: தோள் மட்டும் போதாது, அடியில் எழுதியிருப்பதும் தன் வண்டியில் வேண்டும்.

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டேன். டாக்டர்கூட ஆசையாக, "எழுதிடலாமே, என்ன?" என்றார்.

"அது வண்டியோட பாகம் இல்லைங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

அவ்வளவுதான். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று சொல்லிவிடுகிறேன்: இந்த ஆளைத்தான் மறுபடியும் கட்டிக்கொள்வேன்.

சான்றிதழைத் திருத்தி எழுதினார் டாக்டர். மூல வண்டியின் இடது மட்கார்டு பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்றும், அதைச் செய்தவரே இதையும் சரிபார்த்தார் என்றும் ஒரு வரி சேர்ந்தது. வேலை திரும்பக் கிடைத்ததும் இவர் செய்த முதல் காரியம், நாலு வண்டியின் இடது தோளையும் மறுபடி அளந்தது. மூன்று ஏழு. ஒன்று ஆறரை.

"இது ஆகாது. கழட்டு," என்றார் சுத்தியிடம்.

"அண்ணே, போன மாசம் இதே மட்கார்டை நீங்கதானே சரின்னு சொன்னீங்க! அரை மில்லி போகலாம்னு!"

"போன மாசம் அது யாரோ செஞ்சது. இப்ப அது என்னோட தப்பு. தப்பு சரியா வரணும்."

சுத்தி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். இன்ஜினியர் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய்விட்டாள். "அக்கா, எப்படி அக்கா இவரோட..." என்று என்னிடம் கேட்டாள். பழகிவிடும் என்றேன்.

நேராகக் கேட்டவருக்கான மட்கார்டை இவர் யாரிடமும் விடவில்லை. பழைய சுத்தியலை வீட்டிலிருந்து கொண்டுவந்து தானே தட்டினார், ஒரு வாரம். தட்டும்போது மெதுவாகப் பாட்டு வந்தது. சுருதி முன்பும் சேராது, இப்போதும் சேரவில்லை. மாட்டியபிறகு அந்த வண்டியைத் தள்ளி நின்று பார்த்தோம். எல்லாரும் கொஞ்சம் களை குறைகிறது என்றார்கள். எனக்கு என்னவோ அந்த நேர் வண்டிதான் பிடித்தது. இதைப் பட்டறையில் சொன்னால் அடிக்க வருவார்கள் என்று இங்கே சொல்கிறேன்.

வண்டிகள் கிளம்புகிற நாள் காலையில் மூலவரின் மட்கார்டைத் திரும்ப மாட்ட வேண்டியிருந்தது. சுத்தி அதை என் மேசைக்குக் கொண்டுவந்து வைத்தான். பாதியில் விட்ட பைப்பிங்கை முடித்து, ஓரத்தில் பொருத்துவதற்காகக் கவிழ்த்தேன். சுத்தமாகத் துடைத்திருந்தது. என் பெயர் அப்படியே இருந்தது, பழைய தேதி அப்படியே இருந்தது. அதன் கீழே புதிதாகக் கீறிய எழுத்து, அலுமினியம் இன்னும் பளபளவென்று. அன்றைய தேதி. 'ஏழு மில்லி உயரம். என் தவறு. சரிபார்த்தேன்.'

எழுத்துக்கு அடியில் நேராக ஒரு கோடு வேறு, ஸ்கேல் வைத்துப் போட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் எதிரே, கதவுச் சந்து ஒன்றில் தகட்டை நுழைத்துக்கொண்டு, நான் பார்ப்பது தெரியாத மாதிரி நின்றார். காது மட்டும் சிவந்திருந்தது. பைப்பிங்கை வைத்துக் கொடுத்தேன், சுத்தி மட்கார்டை மாட்டி முடுக்கினான். டாக்டர் வந்து இடது தோளைத் தடவினார், பழையபடி.

ஐந்து வண்டியும் கேட்டைத் தாண்டியதும் நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"இன்னைக்கு ஆறு மணிக் காட்சிக்குப் போகலாமா?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றுகூட ஆகவில்லை.

"வா, இப்பவே கிளம்பலாம்," என்றார்.